பேனிங் திசையைச் சொல்லும், தூரத்தை அறைதான் சொல்லும்: மெய்நிகர் அரங்கில் வாத்தியங்களை உட்கார வைக்கும் கணக்கு

வயலின் டிராக்கின் பேனிங் திருகை (ஒலியை இடமோ வலமோ தள்ளும் திருகு) நன்றாக இடப்பக்கம் திருப்பியாயிற்று. பெரிய அரங்கின் பெயர் போட்ட ரிவெர்ப் பிளக்இன்னும் (அறையின் முழக்கத்தை ஒலியில் ஏற்றும் துணை மென்பொருள்) சேர்த்தாயிற்று. ஆனாலும் வயலின் இடது ஸ்பீக்கரை விட்டு நகர மறுக்கிறது. அதோடு ஒட்டாமல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே முழக்கம் தனியாகப் புகைபோல் நிற்கிறது. ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார் என்ற எண்ணமே வரவில்லை. சாம்பிள் லைப்ரரிகளை (பதிந்து வைத்த வாத்திய ஒலித் தொகுப்புகளை) வைத்து வீட்டில் சேர்ந்திசை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டி நிற்பது இங்கேதான். உடனே ரிவெர்ப்பை இன்னும் கூட்டுவார்கள், அல்லது விலை கூடிய வேறொரு பிளக்இன்னைத் தேடுவார்கள். இரண்டும் உதவாது.

ஒரு வாத்தியத்தின் 'இடம்' என்பதற்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன: எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் பார்த்து வாசிக்கிறது. பேனிங் திருகு முதலாவதை மட்டும்தான் தரும். மற்ற இரண்டையும் அறை சொல்ல வேண்டும். அறை அதைச் சொல்ல வேண்டுமானால், வாத்தியம் எங்கே இருக்கிறது என்பது ரிவெர்ப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## காது இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது

1. நேர வேறுபாடு. இடப்பக்கமிருந்து வரும் ஒலி இடக்காதை முதலில் தொடும், வலக்காதைச் சற்றுப் பிந்தித் தொடும். நேர் பக்கவாட்டிலிருந்து வந்தாலும் இந்த இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லி விநாடிதான். தாழ்ந்த சுரங்களில் காது நம்புவது இதைத்தான்.

2. அளவு வேறுபாடு. சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் தலையே ஒரு தடுப்புச் சுவராகி, மறுபக்கக் காதில் நிழல் விழவைக்கிறது. இந்த இரட்டை விளக்கத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இலேயே எழுதிவிட்டார்.

3. தூரம். இதில் நம் காது அவ்வளவு கெட்டியில்லை. திறந்த வயல்வெளியில் கேட்கும் அறிமுகமில்லாத ஓசை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்வது கடினம். சுவர்கள் இருந்தால் நிலைமை மாறுகிறது. நேராக வந்த ஒலிக்கும் சுவரில் பட்டு வந்த ஒலிக்கும் இடையிலுள்ள அளவு விகிதம், கால இடைவெளி இரண்டையும் வைத்து மூளை தூரத்தைக் கணித்துக்கொள்கிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லி விநாடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்ததன் திசையையே காது ஏற்றுக்கொள்ளும். பின்னால் வந்தது தனி எதிரொலியாகக் கேட்காது. முதலாவதைப் பெருக்கி, அகலம் தரும். ஜெர்மனியின் கேட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை அளந்து காட்டினார். பிந்தி வரும் ஒலி முந்தியதைவிட 10 டெசிபெல் வரை உரத்திருந்தாலும் திசை மாறாமல் நிற்கும் நேர எல்லை உண்டு. அது ஏறக்குறைய 5 முதல் 30 மில்லி விநாடி. அறையில் முதலில் வந்து சேரும் எதிரொலிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அல்லது அதையொட்டி விழுகின்றன. தூரம், அகலம் பற்றிய தகவல் திசையைக் குழப்பாமல் உள்ளே வருவது இதனால்தான்.

## பேனிங் திருகு உண்மையில் செய்வது

அது இரண்டு ஸ்பீக்கருக்கும் போகும் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். நடுவில் வைக்கும்போது இரண்டு பக்கமும் 3 டெசிபெல் குறைத்துத் தருவது வழக்கமான ஏற்பாடு. அப்போதுதான் வாத்தியத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரும்போது உரப்பு கூடாமல் இருக்கும். மோனோவில் (இரு பக்கமும் ஒரே சேனலாகச் சேர்ந்து) கேட்கும் வானொலியை மனதில் வைத்த மென்பொருள்களில் 4.5 அல்லது 6 டெசிபெல் குறைப்பும் உண்டு. திட்டத்தைத் தொடங்கும்போதே ஒன்றைத் தேர்ந்துவிட்டு, நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் நடுவிலுள்ள எல்லா டிராக்கின் அளவும் கலைந்துவிடும்.

திருகின் எண் மென்பொருளுக்கு மென்பொருள் வேறாக இருக்கும். டெசிபெல் வேறுபாடு எங்கும் ஒன்றே என்பதால் கணக்கை அதில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பீக்கர்கள் இடமும் வலமும் 30 டிகிரியில், கேட்பவரோடு சமபக்க முக்கோணமாக இருந்தால்:

- 5 டிகிரிக்கு இரு பக்க வேறுபாடு சுமார் 2.7 டெசிபெல்
- 10 டிகிரிக்கு 5.5
- 15 டிகிரிக்கு 8.7
- 20 டிகிரிக்கு 13
- 25 டிகிரிக்கு 19.5

30 டிகிரி என்றால் மறுபக்கம் முழுக்க அடைபட்டுவிட்டது, ஒலி ஸ்பீக்கருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 20 டிகிரியைத் தாண்டினால் வாத்தியம் ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டத் தொடங்குவதை இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது, ஸ்டீரியோ டிராக். பல மென்பொருள்களில் ஸ்டீரியோ டிராக்கிலுள்ள திருகு பேனிங் செய்வதில்லை. பாலன்ஸ் மட்டுமே செய்யும். இடப்பக்கம் திருப்பினால் வலது சேனலின் அளவைக் குறைத்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சேனலில் பதிவாகியிருந்த பாதி வயலின்கள் காணாமல் போகும். முதலில் அகலத்தை 30 அல்லது 40 சதவீதத்துக்குக் குறுக்கி, அந்தக் குறுகிய கட்டை முழுதாக இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இரட்டைப் பேனிங் வசதி இருந்தால் இடது சேனலை 70க்கும் வலது சேனலை 30க்கும் இடப்பக்கமாகவே வைப்பதும் இதே வேலைதான்.

இரண்டாவது, தாமதத்தை வைத்துத் திசை காட்டுவது. ஒரு பக்கத்தை 10 மில்லி விநாடி தாமதித்தால் ஹாஸ் விளைவால் ஒலி மறுபக்கம் சாயும். ஹெட்ஃபோனில் அழகாகவே இருக்கும். மோனோவில் சேர்த்துக் கேட்டால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். சீப்பின் பல்போல அலைநிரல் முழுக்க இந்தப் பள்ளங்கள் ஓடுவதால் வாத்தியத்தின் குரலே மாறிவிடும். கைபேசி ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் போய்ச் சேர்வது இந்த மாறிய குரல்தான்.

## அறையின் ஒலி மூன்று துண்டுகள்

நேரொலி: வாத்தியத்திலிருந்து தடையின்றி வருவது. தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

முதல் எதிரொலிகள்: தரை, பக்கச் சுவர், பின்சுவர், கூரை ஆகியவற்றில் ஒருமுறை இருமுறை பட்டு, சுமார் 80 மில்லி விநாடிக்குள் வந்து சேர்பவை. ஒவ்வொன்றுக்கும் தனித் திசையும் தனி நேரமும் உண்டு. வாத்தியம் இடம் மாறினால் இவை எல்லாமே மாறும்.

வால்: பல நூறு முறை பட்டுச் சிதறி, எந்தத் திசை என்று பிரிக்க முடியாதபடி அறை முழுக்கப் பரவிய முழக்கம். வாத்தியம் எங்கே இருந்தாலும் இது கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முழக்கம் 60 டெசிபெல் தணிய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895இல் ஒரு விரிவுரைக் கூடத்தின் கோளாறைச் சரிசெய்யப் புகுந்து கண்டுபிடித்த அளவு இது.

இடத்தைக் காட்டும் சாட்சியம் நடுத்துண்டில்தான் இருக்கிறது. வால் அறையின் அளவையும் பொருளையும் சொல்லும், வாத்தியத்தின் இருக்கையைச் சொல்லாது. எல்லோரும் வாலைத்தான் காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் எதிரொலிகளுக்கான திருகு பிளக்இன்னில் தொடப்படாமலே கிடக்கிறது.

இன்னொரு அளவும் தேவை. நேரொலியும் முழக்கமும் சம அளவில் இருக்கும் தூரத்தை எல்லைத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் திசையிலும் சமமாக ஒலிக்கும் மூலத்துக்கு இதன் கணக்கு: அறையின் கன அளவை எதிர்முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057ஆல் பெருக்குங்கள். வியன்னாவின் மூஸிக்ஃபெரைன் பெரிய கூடம் சுமார் 15,000 கன மீட்டர். ஆட்கள் நிறைந்திருக்கையில் எதிர்முழக்கம் சுமார் 2 விநாடி. கணக்கிட்டால் 5 மீட்டர்கூட முழுதாக வரவில்லை. அதாவது அங்கே முதல் சில வரிசைகளைத் தாண்டி உட்கார்ந்த எல்லோருமே நேரொலியைவிட முழக்கத்தையே அதிகம் கேட்கிறார்கள். ஒலிப்பதிவில் அவ்வளவு முழக்கத்தை நாம் பொறுக்க மாட்டோம். கூடத்தில் கண் செய்கிற உதவி ஒலிப்பதிவில் இல்லை. அதனால்தான் 1950களில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் மைக்குகளை ரசிகர் இருக்கையில் வைக்காமல் நடத்துநரின் தலைக்கு மேல், ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் மரக்கிளைபோல் நிறுத்தினார்கள்.

மெய்நிகர் அரங்கிலும் இதே சமரசம்தான் வேலை செய்கிறது: கோணத்தை ரசிகர் இருக்கையிலிருந்து எடுங்கள், முழக்க விகிதத்தை மைக் இருக்கும் இடத்திலிருந்து எடுங்கள்.

## ஒரு வயலின், ஒரு டிம்பனி: எண்களில்

அகலம் 20 மீட்டர் கொண்ட செவ்வகக் கூடம் என்று வைப்போம். மூஸிக்ஃபெரைனும் ஏறக்குறைய இவ்வளவு அகலம்தான். மேடையின் முன்விளிம்பில், நடுவில் நடத்துநர். அவர் தலைக்கு மேல் மைக். வாத்தியங்களின் மட்டத்தைவிட 2 மீட்டர் உயரம். முதல் வயலின் கூட்டத்தின் மையம் நடுக்கோட்டுக்கு 5 மீட்டர் இடது, விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே. டிம்பனி முரசு 2 மீட்டர் வலது, 9 மீட்டர் உள்ளே. மேடையின் பின்சுவர் விளிம்பிலிருந்து 10.5 மீட்டர். ஒலி 1 மீட்டர் கடக்க 2.9 மில்லி விநாடி எடுக்கிறது.

வயலினிலிருந்து மைக்குக்கு 5.7 மீட்டர். இடச்சுவரில் பட்டு வரும் ஒலி 15.3 மீட்டர் பயணிக்கிறது, எனவே நேரொலிக்கு 28 மில்லி விநாடி பிந்தி இடப்பக்கமிருந்து வருகிறது. வலச்சுவரில் பட்டு வருவது 25.2 மீட்டர், அதாவது 57 மில்லி விநாடி பிந்தி. பின்சுவரிலிருந்து 41 மில்லி விநாடி பிந்தி.

டிம்பனியிலிருந்து மைக்குக்கு 9.4 மீட்டர். அதன் முதுகுக்குப் பின்னாலேயே சுவர் இருப்பதால் பின்சுவர் எதிரொலி வெறும் 8 மில்லி விநாடியில், நேரொலி வந்த அதே திசையிலிருந்தே வந்துவிடுகிறது. வலச்சுவர் எதிரொலி 31 மில்லி விநாடியில்.

இந்த எண்கள் மூன்று விஷயங்களைச் சொல்கின்றன.

1. வயலின் இடப்பக்கம் என்பதற்கு அளவு வேறுபாட்டைவிட வலுவான சாட்சி, இடச்சுவர் 28இலும் வலச்சுவர் 57இலும் பேசுவது. ரிவெர்ப்பை மோனோவாக ஊட்டினால் இரண்டு சுவரும் ஒரே நேரத்தில் பேசும். நேரொலி 'இடது' என்கிறது, அறை 'நடு' என்கிறது. முதல் பத்தியில் பார்த்த புகை இந்த முரண்பாட்டிலிருந்து வந்ததுதான்.

2. பின்வரிசைக்கு ப்ரீ-டிலே (நேரொலிக்கும் அறையின் பதிலுக்கும் நடுவே விடும் இடைவெளி) குறைய வேண்டும். 'தூரம் என்றால் தாமதம்' என்று நினைத்துப் பின்வரிசைக்குக் கூட்டுகிறவர்கள் அதிகம்; விளைவு தலைகீழாகிறது. நீண்ட ப்ரீ-டிலே வாத்தியத்தை அறையிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவரும். பாடகர் குரலுக்கு நீண்ட ப்ரீ-டிலே வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

3. நேரொலி வித்தியாசம் 5.7 மீட்டருக்கும் 9.4 மீட்டருக்கும் இடையே 4 டெசிபெல்லுக்குச் சற்று மேல், அவ்வளவே. முழக்கம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்று. எல்லைத் தூரம் 5 மீட்டர் என்பதால் வயலினுக்கு முழக்கம் நேரொலியைவிட 1 டெசிபெல் கூட, டிம்பனிக்கு 5.5 டெசிபெல் கூட. முன்வரிசையையும் கடைசி வரிசையையும் பிரிக்கும் ஆழம் இந்தச் சிறு வித்தியாசத்துக்குள்ளேயே இருக்கிறது. 15 டெசிபெல் கூட்டிக் குறைத்தால் அது வேறு கட்டடத்துக்குப் போய்விடும்.

## எந்த ரிவெர்ப் பிளக்இன்னுக்கு இடம் புரியும்

கன்வல்யூஷன் வகை, ஓர் உண்மையான அறையில் ஒரு குறுகிய ஒலிக்கோ ஏறும் சுருதி வருடலுக்கோ அறை கொடுத்த பதிலைப் பதிந்து வைத்து, அதை உங்கள் ஒலிமீது ஏற்றுகிறது. 1999இல் சோனி இதைத் தனிப் பெட்டியாக விற்றபோது பெரிய ஸ்டுடியோக்களுக்கே அது எட்டியது. இன்று மடிக்கணினி போதும். அல்காரிதம் வகை, கணக்கு மூலம் முழக்கத்தைக் கட்டுகிறது. இட விஷயத்தில் இந்த வகைப் பிரிவைவிட, உள்ளே எத்தனை பாதைகள் இருக்கின்றன என்பதே முக்கியம்.

- மோனோ உள்ளே, ஸ்டீரியோ வெளியே: இடமும் வலமும் முதலில் கூட்டப்படும். பேனிங் தகவல் வாசலிலேயே அழிகிறது.
- இணை ஸ்டீரியோ: இடது உள்ளீடு இடது வெளியீட்டுக்கு மட்டும், வலது வலதுக்கு மட்டும். இடப்பக்க வயலினுக்கு வலச்சுவரே கிடையாது என்றாகிவிடும்.
- உண்மை ஸ்டீரியோ: இடமிருந்து இடம், இடமிருந்து வலம், வலமிருந்து இடம், வலமிருந்து வலம் என நான்கு பாதைகள். பேனிங்கை மதிக்கும். ஆனால் பதிவின்போது மேடையில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்த இரண்டு புள்ளிகளுக்கு மட்டுமே அறையின் பதில் தெரியும். ஆழம் மாறாது.
- பல புள்ளி வகை: மேடையின் பல இடங்களில், பல திசைகளைப் பார்த்து ஒலியெழுப்பி அளந்தது. வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி என்ற சாம்பிள் நிறுவனத்தின் மிர் பிளக்இன் இந்த இனம். மேடை வரைபடத்தில் வாத்தியச் சின்னத்தை இழுத்து வைத்தால் திசை, ஆழம், பார்க்கும் பக்கம் மூன்றும் சேர்ந்தே மாறும்.

பிளக்இன் எந்த இனம் என்று விளம்பரத்தைப் பார்த்து அறிய வேண்டாம். ஒரு கைதட்டலை முழுக்க இடப்பக்கம் வைத்து, வெட் (ரிவெர்ப்பிலிருந்து வரும் ஒலி) மட்டும் கேட்டு, இடது வலது அளவு மீட்டரைப் பாருங்கள். இரு பக்கமும் சமம் என்றால் மோனோ ஊட்டம். வலது அசையவே இல்லை என்றால் இணை. இடது முந்தி உயர்ந்து, வலது சற்றுப் பிந்தி நிரம்பினால் உண்மை ஸ்டீரியோ.

## கட்டும் முறை

பல புள்ளி பிளக்இன் இல்லாதவர்கள், முதல் எதிரொலியையும் வாலையும் தனித்தனியே தரும் எந்த ரிவெர்ப்பை வைத்தும் இதைச் செய்யலாம்.

1. லைப்ரரியைச் சோதியுங்கள். சில தொகுப்புகள் வாத்தியக்காரரை அவரவர் மேடை இருக்கையிலேயே உட்கார வைத்துப் பதிந்தவை. திசையும் அறையும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அவற்றை மறுபடி பேனிங் செய்யாதீர்கள். வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரியின் தொடக்ககாலத் தொகுப்புகள்போல முழக்கம் குறைந்த வறண்ட அறையில் பதிந்தவற்றுக்குத்தான் கீழுள்ள எல்லாப் படிகளும். இரண்டையும் கலந்தால், ஈரமானதில் (அறையின் முழக்கத்தோடு பதிந்ததில்) க்ளோஸ் மைக்கை (வாத்தியத்துக்கு நெருங்கி வைத்த மைக்கை) மட்டும் எடுங்கள். முடியாவிட்டால் அதற்கு வாலை மட்டும் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள்.

2. சதுரக்கட்டத் தாளில் மேடையை வரையுங்கள். விளிம்பிலிருந்து 10 மீட்டரில் ஒரு ரசிகரை வைத்துக் கோணங்களை எடுங்கள். பொதுவான அமர்வுக்கு: முதல் வயலின் இடது 23, இரண்டாம் வயலின் இடது 9, வியோலா வலது 9, செல்லோ வலது 20, கான்ட்ராபாஸ் வலது 23, மரக்காற்று வாத்தியங்கள் நடுவில் இருபுறமும் 4, ஹார்ன் இடது 12, டிரம்பெட்டும் டிராம்போனும் வலது 10, டிம்பனி வலது 6 டிகிரி. பின்வரிசை தானாகவே நடுவுக்குக் குறுகுவதைக் கவனியுங்கள். தண்டவாளம் தூரத்தில் ஒடுங்குவதுபோலத்தான் இதுவும். ஹார்னை முதல் வயலின் அளவுக்கு ஓரம் தள்ளினால் அது பின்வரிசையை விட்டு முன்னால் வந்துவிடும்.

3. ஸ்டீரியோ சாம்பிள்களைக் குறுக்குங்கள். முதல் வயலின் போன்ற கூட்டத்துக்கு 40 சதவீதம், தனி வாத்தியத்துக்கு 10 முதல் 15. தனிப் புல்லாங்குழல் மேடையில் 4 மீட்டர் அகலம் இருக்காது.

4. முன், நடு, பின் என்று மூன்று வரிசைப் பஸ்கள் (பல டிராக்குகளின் ஒலி சேர்ந்து போகும் பொதுப் பாதைகள்). ஒவ்வொன்றிலும் முதல் எதிரொலி மட்டும் இயங்கும் ரிவெர்ப், வால் அணைத்து. ப்ரீ-டிலே முன்வரிசைக்கு 20 முதல் 25 மில்லி விநாடி, நடுவுக்கு 12 முதல் 15, பின்னுக்கு 5 முதல் 8.

5. எல்லோருக்கும் ஒரே வால். தனி பஸ், முழு வெட், 1.6 முதல் 2 விநாடி, 30 மில்லி விநாடி ப்ரீ-டிலே. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கான்ட்ராபாஸும் டிம்பனியும் வாலில் சேறாவது இங்கேதான்.

6. சென்ட் (டிராக்கின் ஒலியில் ஒரு நகலைப் பஸ்ஸுக்கு அனுப்பும் வழி) பேனிங்குக்குப் பிறகு பிரிய வேண்டும். பல மென்பொருள்களில் ஃபேடருக்கு (டிராக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டைக்கு) முந்தைய சென்ட், பேனிங்குக்கும் முந்தியதாகவே போகும்; சென்டுக்குத் தனிப் பேனிங் இருந்தால் டிராக்கின் பேனிங்கைப் பின்தொடரும்படி இணையுங்கள்.

7. பின்வரிசையைத் தள்ள, வாலைக் கூட்டாமல் நேரொலியை 3 முதல் 5 டெசிபெல் குறையுங்கள். உண்மையான அறையில் நடப்பது அதுதான்: முழக்கம் அப்படியே இருக்கிறது, நேரொலி மட்டும் தேய்கிறது.

## உயர் சுரங்களை வெட்டுவது பற்றி

'தூரத்து வாத்தியத்துக்கு ட்ரெபிளைக் குறை' என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. 6, 8 டெசிபெல் வெட்டி, டிரம்பெட்டைக் கம்பளிக்குள் சுற்றிவிடுகிறார்கள். காற்று 8000 ஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு உறிஞ்சுவது 2 டெசிபெல் அளவுதான். 10 மீட்டர் மேடை ஆழத்துக்கு 1 டெசிபெல்.

அப்படியானால் தூரத்து ஒலி ஏன் மங்கலாகக் கேட்கிறது? மங்கலானது முழக்கம். 2 விநாடி வாலில் ஒலி 680 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அந்த ஓட்டத்தில் காற்றும் திரைச்சீலையும் மனித உடைகளும் மேல் சுரங்களை உறிஞ்சிவிடுகின்றன. பின்வரிசையில் அந்த முழக்கத்தின் பங்கு கூடுவதால் மொத்த ஒலி மங்குகிறது. ஆகவே வெட்டும் இடம் வால் பஸ். அங்கே 6000 முதல் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் தணியவிடுங்கள். நேரொலியில் 1 டெசிபெல்லுக்கு மேல் தொடாதீர்கள்.

வாத்தியம் பார்க்கும் பக்கமும் இங்கேயே தீர்க்க வேண்டியது. டிரம்பெட்டின் வாய் சபையைப் பார்க்கிறது. அதன் மேல் சுரங்கள் கற்றையாக நேரே வரும். ஹார்னின் வாய் பின்னோக்கி இருக்கிறது. நாம் கேட்கும் ஹார்னின் பெரும்பகுதி பின்சுவரில் பட்டு வந்தது. ஒரே வரிசையில் இருந்தாலும் ஹார்னுக்கு முதல் எதிரொலி 2 முதல் 3 டெசிபெல் கூட, நேரொலியில் மேல் சுரம் சற்றுக் குறைவு. வயலினின் மேல்பலகை மேல்நோக்கியிருப்பதால் கூரை எதிரொலி அதற்குப் பங்காளி.

## எங்கே கெடுகிறது, எதனால்

வாத்தியம் ஸ்பீக்கரில் ஒட்டுகிறது: 25 டிகிரிக்கு மேல் தள்ளப்பட்டிருக்கிறது, அல்லது ரிவெர்ப்புக்கு மோனோ ஊட்டம் போகிறது.

எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கிறது: ஒரே முதல் எதிரொலி எல்லோருக்கும் போகிறது.

இரண்டு அறை கேட்கிறது: ஈர லைப்ரரிமேல் இன்னொரு அறை ஏறியிருக்கிறது. ஸ்டாக்காட்டோ (சட்டென்று வெட்டி நிறுத்தும்) சுரம் நின்றபின் வரும் வாலை மட்டும் கேளுங்கள். இரண்டு படியாகத் தணிந்தால் அதுவே காரணம்.

ஹெட்ஃபோனில் மட்டும் அகலம் மிதமிஞ்சுகிறது: ஹெட்ஃபோனில் இடது ஒலி வலக்காதுக்கு எட்டாது, ஸ்பீக்கரில் 20 டிகிரியாக இருந்தது காதோரம் போய் நிற்கும். முடிவை ஸ்பீக்கரில் எடுத்து, ஹெட்ஃபோனில் சரிபார்ப்பதே பாதுகாப்பு. வீட்டில் ஸ்பீக்கரே இல்லாதவர்கள், ஒரு காதின் ஒலியில் சிறிதளவை மறுகாதுக்கு ஊட்டும் கிராஸ்ஃபீட் பிளக்இன்னைக் கேட்கும் பாதையில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஏற்றுமதிக்கு முன் அணைக்க மறக்கக் கூடாது.

## கச்சேரி மேடைக்கு இதே கணக்கு

கர்நாடகக் கச்சேரி டிராக்குகளைத் தனித்தனியே பதிந்து ஓர் அறைக்குள் சேர்க்கும்போது பெரும்பாலும் சேர்ந்திசைக்கான செட்டிங்கையே எடுத்துப் போடுகிறார்கள். அளவே வேறு. பாடகர் நடுவில், சபைக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின், ஒவ்வொருவரும் பாடகரிடமிருந்து ஒன்றரை மீட்டர். 4 மீட்டர் தள்ளிக் கேட்டால் கோணம் 20 டிகிரி. கடம் பின்னால் உட்கார்ந்தாலும் வித்தியாசம் ஒரு மீட்டர். 3 மில்லி விநாடி. அதனால் மூன்று வரிசை தேவையில்லை. முதல் எதிரொலி பஸ் ஒன்று போதும். வாலும் 1 முதல் 1.3 விநாடிக்குள் இருந்தால்தான் துரித காலச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாது. பாடகருக்கு ஒரு பிளேட் (உலோகத் தகட்டின் முழக்கத்தைத் தரும் ரிவெர்ப்), மிருதங்கத்துக்கு ஓர் அரங்கம் என்று பிரித்தால், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பதாகிவிடும்.

மிருதங்கத்தில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. வலந்தலைக்கு (உயர்ந்த சுருதித் தலைக்கு) ஒரு மைக், தொப்பிக்கு (தாழ்ந்த ஒலி தரும் மறுதலைக்கு) ஒரு மைக் வைத்துப் பதிந்துவிட்டு, ஒன்றை இடது ஓரத்துக்கும் மற்றதை வலது ஓரத்துக்கும் தள்ளுகிறார்கள். மேடையின் அகலத்துக்கு ஒரு மிருதங்கம் நீள்கிறது. வித்துவான் சபைக்கு இடப்பக்கம், நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வலக்கை சபைப் பக்கம். வலந்தலை நம்மைப் பார்க்கிறது, தொப்பி மேடையின் பின்சுவரைப் பார்க்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளைபோல இடக்கை வித்துவான் என்றால், வலந்தலை சபையைப் பார்க்க அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருப்பது இதனால்தான். ஆக, ரசிகருக்கு இரண்டு தலைகளும் முன்பின்னாக இருக்கின்றன, இடவலமாக இல்லை.

எனவே இரண்டு மைக்குகளையும் இடது 20 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். இடையே 2, 3 டிகிரி விட்டால் போதும். இரண்டு மைக்குகளின் அலைக் கட்டத்தைச் (ஃபேஸ்) சோதித்து, எதிர்க்கட்டமானால் தொப்பி டிராக்கின் அலையைத் தலைகீழாக்குங்கள். வலந்தலையின் சாப்பு நேரொலியாக முன்னால் நிற்கட்டும். தொப்பிக்கு நேரொலியை 2 டெசிபெல் குறைத்து, முதல் எதிரொலிக்குப் போகும் சென்டை 2 டெசிபெல் கூட்டுங்கள். கும்கி மேடையின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவது அப்போது கேட்கும்.